குடியைப் பற்றிக் கேட்கப் பழகுவது: சிங்கப்பூர் மருந்தகத்தில் புதிதாக உட்காரும் மருத்துவருக்கு

பயிற்சி அறையில் நான் பெரும்பாலும் நோயாளியாகத்தான் நடிப்பேன். வயது 52, லாரி ஓட்டுநர், வூட்லண்ட்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, இரத்த அழுத்தம் 158/96. எதிரில் உட்காரும் இளம் மருத்துவருக்கு ஒரே வேலைதான். இவர் எவ்வளவு குடிக்கிறார் என்று கண்டுபிடித்து, அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

சென்ற முறை வந்து உட்கார்ந்தவர் கெட்டிக்காரர். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், என்ன பக்கவிளைவு, எல்லாம் விரல் நுனியில் இருந்தது. “குடிப்பீர்களா ஐயா?” என்றார். “எப்போதாவது, நண்பர்களோடு” என்றேன். “அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கணினியில் ‘சோஷியல் டிரிங்கர்’ என்று தட்டினார். மொத்தம் 40 விநாடி. என் கையில் இருந்த குறிப்பிலோ அந்த ஓட்டுநர் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு பெரிய பாட்டில் பீர் குடிக்கிறார். மாதம் ஒருமுறை சம்பள நாளில் நான்கு பாட்டில்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் பல ஆண்டுகள் அதே இரண்டு சொற்களைத் தட்டிக்கொண்டிருந்தவன்தான். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

யாரைத் தேடுகிறீர்கள்

புதிதாக வருபவர்கள் மனத்தில் ‘குடிகாரர்’ என்று ஒரு படம் இருக்கிறது. கை நடுங்கும், கண் மஞ்சளித்திருக்கும், வேலை போயிருக்கும். எதிரில் இருப்பவர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தால், கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

நீங்கள் தேட வேண்டியவர் அந்த மடிப்புச் சட்டைக்காரர்தான். ஒழுங்காக வேலைக்குப் போகிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார், வாரத்தில் சில நாள் உடம்புக்கு ஆகாத அளவு குடிக்கிறார். இரத்த அழுத்தம், தூக்கம், கல்லீரல் என்று ஒவ்வொன்றிலும் அந்தக் கணக்கு மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. புற்றுநோயும் இந்தக் கணக்கில் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே மதுவை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில், வைத்துவிட்டது. குடும்ப மருத்துவரின் ஐந்து நிமிடப் பேச்சு எடுபடுவது இவரிடம்தான். முற்றிய அடிமைப்பழக்கத்துக்கு அது போதாது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

சிங்கப்பூர் மனநலக் கழகம் 2016இல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், ஏறத்தாழ 24 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மதுத் துஷ்பிரயோகம் என்ற கோளாற்றின் வரையறைக்குள் இருந்திருக்கிறார். விழுக்காட்டில் சொன்னால் 4.1, 2010இல் அது 3.1. வரையறையைத் தொடாமல், அதற்கு ஒரு படி கீழே நின்று அளவு மீறிக் குடிப்பவர்கள் இந்த எண்ணில் சேரவில்லை. உங்கள் அறைக்கு வெளியே எண் சீட்டோடு காத்திருப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

நமக்கு மொழியாலும் ஒரு தொல்லை உண்டு. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பதைக் கேட்டும் படித்தும் வளர்ந்தவர்கள் நாம். அந்த வாசகம் நம் குரலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘குடிப்பீர்களா?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்டாலும் நோயாளியின் காதில் கண்டிப்புதான் விழுகிறது. உடனே ‘எப்போதாவது’ என்ற கதவைச் சாத்திவிடுகிறார். ஆகவே பயிற்சியின் முதல் பகுதி இந்தக் குரலைக் கழற்றி வைப்பது.

அளவு தெரியாமல் பேச்சு கிடையாது

ஆலோசனைக்கு முன் கணக்கு. இதில் நான் கறாராக இருப்பேன்.

சிங்கப்பூரில் ஓர் ‘அளவு’ மது என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால். சுகாதார மேம்பாட்டு வாரியம் இதை எளிமையாகச் சொல்கிறது: 5 விழுக்காடு பீர் என்றால் 220 மில்லி, வைன் என்றால் 100 மில்லி, விஸ்கி, பிராந்தி வகை என்றால் 30 மில்லி. ஆண்கள் ஒரு நாளைக்கு 2 அளவுக்கு மேலும், பெண்கள் 1 அளவுக்கு மேலும் போக வேண்டாம் என்பது இங்குள்ள அறிவுரை. ஒரே அமர்வில் ஆண் 5, பெண் 4 என்று தொட்டால் அது மிதமிஞ்சிய குடி.

இதை மனப்பாடம் செய்தால் போதாது. பயிற்சி அறைக்கு நான் ஒரு பை கொண்டுவருவேன். அதில் காப்பிக்கடைப் பீர்க் குவளை ஒன்று, காலி பாட்டில்கள், சமையலறை அளவுக் குவளை ஒன்று. “ஓர் அளவு பீர் ஊற்றுங்கள்” என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பேன். எல்லோரும் குவளையை நிரப்புவார்கள். அளந்து பார்த்தால் 300 மில்லிக்கு மேல் இருக்கும். பிறகு விஸ்கிக் கிளாஸில் 30 மில்லி ஊற்றச் சொல்வேன். 30 மில்லி கிளாஸின் அடியை நனைப்பதோடு சரி. அதைப் பார்த்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், ஏனென்றால் யார் வீட்டிலும் யாரும் அப்படி ஊற்றுவதில்லை.

கணக்கு இப்படி: மில்லியை ஆல்கஹால் விழுக்காட்டால் பெருக்கி, 0.79ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்தால் கிராம் கிடைக்கும். காப்பிக்கடையில் மேசைக்கு வரும் பெரிய பீர் பாட்டில் ஏறத்தாழ 630 மில்லி. 5 விழுக்காடு என்றால் 25 கிராம், அதாவது இரண்டரை அளவு. சிறிய டின் ஒன்று ஓர் அளவையும் கொஞ்சத்தையும் தொடும். 8 விழுக்காட்டு ‘ஸ்டிராங்’ பீர், 500 மில்லி டின்னில் வந்தால், ஒரே டின்னில் மூன்று அளவு. ‘ஒரு டின்தான் டாக்டர்’ என்பவரிடம் எந்த டின் என்று கேட்காமல் விடாதீர்கள். டின்னின் நிறம் என்ன என்று கேட்டால் இன்னும் சுலபம். விழுக்காடு யாருக்கும் நினைவிருக்காது, நிறம் நினைவிருக்கும்.

தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளிடம் அலகே வேறு. அவர்கள் மனத்தில் ஓடுவது குவார்ட்டர் கணக்கு. 180 மில்லி, 42.8 விழுக்காடு, 61 கிராம் வருகிறது, ஆறு அளவு. ‘கட்டிங்’ என்றால் அதை இன்னொருவரோடு பாதியாகப் பங்கிடுவது. ஆளுக்கு மூன்று அளவு. “நான் கட்டிங்கோடு நிறுத்திக்கொள்வேன்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், இங்கே ஆண்களுக்குச் சொல்லப்படும் நாள் வரம்பை அவர் தாண்டிவிட்டார் என்பது உங்களுக்கு உடனே தெரிய வேண்டும். இந்தச் சொற்களைத் தெரிந்துவைத்திருக்கும் மருத்துவரிடம் நோயாளி பொய் சொல்வது குறைகிறது. புத்தகத்தில் இது கிடையாது, ஆனால் நான் பார்த்தது.

கேட்கும் வாக்கியம்

யாரிடம் கேட்பது? எல்லோரிடமும் என்பதுதான் சரியான விடை. அது முடியாதபோது சில இடங்களை விடாதீர்கள். ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற அரசின் நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்ந்து முதல் ஆலோசனைக்கு வருபவர், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், தூக்கமின்மை, தீராத வயிற்றெரிச்சல், கீல்வாதம், வயதானவர் கீழே விழுந்தது, திங்கட்கிழமை தோறும் மருத்துவ விடுப்பு கேட்பவர். இந்தக் கடைசி ஆளைப் பார்த்து அலுத்துக்கொள்வதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேட்டால் காரணம் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

மூன்று கேள்வி என்று சொல்வது ‘ஆடிட்-சி’. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்வி ‘ஆடிட்’ படிவத்தின் முதல் மூன்று. நம் ஊர் மருந்தகத்துக்குப் பொருந்தும்படி இப்படிக் கேட்கலாம்:

“பீர், வைன், விஸ்கி எதுவாக இருந்தாலும், எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிப்பீர்கள்?”

“குடிக்கும் நாளில் வழக்கமாக எவ்வளவு போகும்?” இங்கே பாட்டில், டின், கிளாஸ் என்று அவர் மொழியிலேயே சொல்லட்டும். அளவாக மாற்றுவது உங்கள் வேலை.

“ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ, அதாவது பெரிய பாட்டில் என்றால் ஏறத்தாழ இரண்டரையோ அதற்கு மேலோ, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆகும்?”

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 12. ஆண் 4, பெண் 3 தொட்டால் மீதி ஏழு கேள்விகளையும் கேளுங்கள். நம் ஓட்டுநருக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று நாள் என்பதற்கு 3. நாளுக்கு இரண்டு பெரிய பாட்டில், ஐந்து அளவு, அதற்கு 2. மாதம் ஒருமுறை ஆறைத் தாண்டுகிறார், அதற்கு 2. ஆக 7. ‘சோஷியல் டிரிங்கர்’ என்று பதிவான மனிதர் இவர்தான்.

முழுப் படிவத்தில் மொத்தம் 40. அதில் 8 முதல் 15 வரை என்றால் எளிய அறிவுரை, 16 முதல் 19 வரை என்றால் சுருக்கமான ஆலோசனையும் தொடர்ந்த கண்காணிப்பும், 20ஐத் தொட்டால் அடிமைப்பழக்கம் இருக்கிறதா என்று முறையான மதிப்பீடு. இந்த எல்லைகளைச் சட்டப்பிரிவு போலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 7 வாங்கிய கர்ப்பிணிக்கும் 7 வாங்கிய இளைஞருக்கும் ஒரே பேச்சு இருக்க முடியாது. கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

கேள்விக்கு முன்னால் ஒரு வாக்கியம் வைத்தால் கதவு திறக்கும். “இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் எல்லோரிடமும் இதைக் கேட்பது வழக்கம்.” அவ்வளவுதான். ‘தவறாக நினைக்காதீர்கள்’ என்று தொடங்காதீர்கள். தவறாக நினைக்க வேண்டிய ஏதோ வரப்போகிறது என்று அதுவே சொல்லிவிடும். ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்றும் வேண்டாம். பழக்கம் என்ற சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்று நேராக எண்ணிக்கைக்குப் போய்விடுவது நல்லது. குடிக்காதவர் “தொடுவதே இல்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார், நட்டம் ஒன்றுமில்லை.

இரத்தப் பரிசோதனை பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி ஏறியிருக்கலாம், சிவப்பணுவின் சராசரிப் பருமன் கூடியிருக்கலாம். இரண்டும் வேறு காரணத்தாலும் ஏறும். நன்றாகக் குடிப்பவருக்கு இயல்பாகவும் இருக்கும். வாயால் கேட்பதற்கு ஊசி மாற்றாகாது.

ஐந்து நிமிடம்

இதற்கு ‘ஃபிரேம்ஸ்’ என்று ஒரு சட்டகம் பாடத்தில் வரும். நிலவரத்தைக் காட்டு, முடிவு அவருடையது என்று சொல், தெளிவாக அறிவுரை கொடு, பல வழிகளை வை, பரிவோடு இரு, முடியும் என்ற நம்பிக்கையை வளர். ஆறும் சரிதான். ஆனால் ஆறையும் மனத்தில் சுமந்துகொண்டு பேசுபவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நான் ஒரு உரையாடலைத்தான் கொடுப்பேன்.

“ஐயா, நீங்கள் சொன்ன கணக்கில் வாரத்துக்கு 15 அளவு வருகிறது. குடிக்கும் நாளில் ஐந்து. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது இங்கே சொல்லும் வரம்பு. கேட்டதும் என்ன தோன்றுகிறது?”

இங்கே நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கடினம். மூன்று விநாடி அமைதியை இளம் மருத்துவரால் தாங்க முடியாது. வாய் தானாகத் திறந்து கல்லீரலைப் பற்றிச் சொற்பொழிவு தொடங்கிவிடும். மேசைக்கு அடியில் கட்டை விரலை அழுத்திக்கொள்ளுங்கள்.

“பீர்தானே டாக்டர். விஸ்கியா குடிக்கிறேன்?”

இதற்குப் பதில் வாதம் செய்தால் தோற்றீர்கள். “பீர் லேசானது என்று நினைத்திருந்தீர்கள்” என்று அவர் சொன்னதையே திருப்பிக் கொடுங்கள். அவர் “ஆமாம்” என்பார். அந்த ‘ஆமாம்’ மிக மதிப்புள்ளது. இப்போது பேச்சு இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது.

“காலையில் வண்டி எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்?”

“ஐந்து.”

“சம்பள நாளில் நான்கு பாட்டில் என்றீர்கள். பத்து அளவு. இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் காலை ஐந்து வரை எட்டு மணி நேரம். உடம்பு மணிக்கு ஏறத்தாழ ஓர் அளவைத்தான் கரைக்கும்.”

ஓட்டுநர் விரலை மடக்குகிறார். “இரண்டு பாக்கி இருக்கும்.”

இந்தக் கணக்கை நோயாளியே போட வேண்டும், நீங்கள் போடக் கூடாது. வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம். அந்த இரண்டு அளவு அதைத் தாண்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டுநருக்கு அந்தப் பாக்கியே போதுமான செய்தி. கல்லீரல் அவருக்குத் தொலைவில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் சட்டைப் பையில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு ‘சட்டைப் பை விஷயம்’ உண்டு. ஒருவருக்குத் தூக்கம், ஒருவருக்கு மகளின் திருமணச் செலவு, ஒருவருக்கு உடல் எடை. அதைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த ஐந்து நிமிடத்தில் திறமை.

அடுத்து அளவுகோல் கேள்வி. “குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள்.” அவர் ஐந்து என்கிறார். இப்போது “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டால் சாக்குகள் வரிசையாக வரும். “ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?” என்று கேளுங்கள். “வேலை போய்விடுமே”, “பெண்டாட்டி கவலைப்படுகிறாள்” என்று குறைப்பதற்கான காரணங்களை அவரே எடுத்து வைப்பார். வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையின் சாறு இதில் இருக்கிறது. மாற வேண்டும் என்ற வாதம் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும்.

பிறகு வழிகள். ஒன்றைத் திணிக்காமல் நான்கைந்தை மேசையில் வையுங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய டின். சாப்பிட்ட பிறகே முதல் மடக்கு. நடுவில் ஒரு தே-ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். வாரத்தில் இன்ன நாள் இல்லை என்று நாளைக் குறித்துக்கொள்வது. ஆளுக்கு ஒரு சுற்று வாங்கும் மேசையில் உட்காராமல் தனக்கு மட்டும் வாங்கிக்கொள்வது. இதுதான் நம்மவர்களுக்கு மிகக் கடினம், கஞ்சன் என்ற பெயர் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். வீட்டில் இருப்பு வைக்காமல் இருப்பது. கடைகளில் எடுத்துச் செல்லும் மது விற்பனை இரவு 10.30க்கு நின்றுவிடும் என்பதால், இருப்பு இல்லையென்றால் நள்ளிரவுப் பாட்டிலும் இல்லை. நம் ஓட்டுநர் நாளுக்கு ஒரு பாட்டிலாகக் குறைத்தால் வாரக் கணக்கு 15இலிருந்து ஏழரைக்கு வரும். அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இது பலிக்குமா? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் பலிக்கும். அடிப்படை மருத்துவத்திலும் அவசரப் பிரிவிலும் செய்த 69 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த காக்ரேன் மதிப்பீட்டில், இப்படிச் சுருக்கமாகப் பேசப்பட்டவர்கள் ஓராண்டு கழித்து வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் குறைவாகக் குடித்தார்கள். இரண்டு அளவுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு, ஊசி மருந்து எதுவும் இல்லாமல், அது நல்ல விலை. நீண்ட ஆலோசனை அதைவிடப் பெரிதாக எதையும் கூட்டிவிடவில்லை என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. 2013இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் மதிப்பெண்ணைச் சொல்லி ஒரு கையேட்டைக் கொடுத்ததே நீண்ட பேச்சுக்கு இணையாக நின்றது. எனவே நேரமில்லாத நாளில் மூன்று கேள்வியும் ஒரு எண்ணும் போதும். கேட்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நிறுத்தச் சொல்லக் கூடாத இடம்

பின்னால் சொல்வதாகச் சொன்ன வினை இது. மூன்று ஆண்டுகள் நான் ‘சோஷியல் டிரிங்கர்’ என்று பதிந்துவைத்த ஒருவர், குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. தினமும் அரை பாட்டில் பிராந்தி குடித்தவருக்கு அது திடீரென்று நின்றதால் வந்த வலிப்பு. பரிந்துரைக் கடிதம் எழுதியது நான். அதில் குடியைப் பற்றிய எண் எதுவும் இல்லை. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். பிறகு என்னைப் பார்க்க வந்தபோது கோபமே படவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தினமும் அதிகம் குடித்து உடம்பு அதற்குப் பழகியவரிடம் ‘இன்றோடு நிறுத்திவிடுங்கள்’ என்று சொல்வது ஆபத்து. கடைசி மடக்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துக் குழப்பமும் பிரமையும் கூடிய கடுமையான நிலை வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே இந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? நடுக்கம் அடங்குவதற்காகக் காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிரமையோ வந்ததா?

ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் உங்கள் பேச்சு மாற வேண்டும். “நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவக் கண்காணிப்போடு நிறுத்தலாம்.” மருந்தகத்தில் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்து நடுங்குகிறார், குழப்பமாகப் பேசுகிறார் என்றால் ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, யோசிக்க நேரமில்லை. தூக்க மாத்திரை வகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதோடு குடியும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். நன்றாகச் சாப்பிடாமல் குடித்தவருக்கு தயமின், அதாவது பி1 வைட்டமின், தேவை என்பதையும் மறக்க வேண்டாம். அது குறைந்தால் மூளை கெடும்.

அனுப்ப வேண்டிய இடம் மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய அடிமைப்பழக்கச் சிகிச்சைச் சேவை. எல்லோரும் ‘நாம்ஸ்’ என்பார்கள். உதவி எண் 6732 6837. ‘மனநலக் கழகம்’ என்ற பெயரைக் கேட்டதும் பலர் எழுந்துவிடுவார்கள். “பைத்தியம் என்று சொல்கிறீர்களா டாக்டர்?” என்று என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். அப்போது எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், முதல் தொலைபேசி அழைப்பை என் மேசையிலிருந்தே அவர் செய்யட்டும் என்பேன். குடியை விட உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அனுபவம் வரும்வரை அவற்றைத் தொடங்குவதை நிபுணரிடம் விடலாம்.

சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. நம்மவர்களில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

அறைக்குள் வேறு யார்

மனைவி கூட வந்திருந்தால், கணவர் “எப்போதாவது” என்பார். மனைவி கூரையைப் பார்ப்பார். அந்தப் பார்வையே பரிசோதனை முடிவு. ஆனால் மனைவியைச் சாட்சியாக இழுக்காதீர்கள். இரத்த அழுத்தத்தைத் தனியாக அளக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு நிமிடம் தனிமை உண்டாக்கலாம். அதே போல், வீட்டில் அடி விழுகிறதா என்று மனைவியிடம் தனியே கேட்கவும் ஒரு வாய்ப்பு வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தந்தையின் பாட்டில் கணக்கை மகள் மொழிபெயர்ப்பது இருவருக்கும் அவமானம்.

பெண்களைக் கேட்கத் தவறுகிறோம். முஸ்லிம் நோயாளிகளைக் கேட்கத் தவறுகிறோம். வயதான அம்மாவைக் கேட்பதற்கு எனக்கே கூச்சம் இருந்தது. ‘எல்லோரிடமும் கேட்பது வழக்கம்’ என்ற அந்த ஒரு வாக்கியம்தான் கூச்சத்தைப் போக்கியது.

தங்குவிடுதியிலிருந்து வரும் ஊழியருக்கு வேறொரு பயம். முதலாளிக்குத் தெரிந்துவிட்டால் வேலை அனுமதிச் சீட்டு போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். ஆகவே குடியைப் பற்றிய எந்தக் கேள்வியும் அவர் காதில் காவலர் கேள்வியாக விழுகிறது. முதலில் சொல்லிவிடுங்கள்: “நீங்கள் இங்கே சொல்வது மருத்துவ இரகசியம். மருத்துவ விடுப்புச் சீட்டில் குடி என்று எழுத மாட்டேன்.” சொன்னபடி நடக்கவும் வேண்டும். பாரந்தூக்கி இயக்குபவர், உயரத்தில் வேலை செய்பவர் என்றால், பிறர் உயிருக்கு ஆபத்து வரும் நிலையில் இரகசியத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் அப்போதே சொல்வதுதான் நாணயம். அந்தத் தம்பி பெரும்பாலும் குடிக்கும் காரணத்தையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு நினைவு, ஏஜெண்ட் கடன். அளவைக் குறைக்கும் வழி சில சமயம் அந்தக் காரணத்துக்குள்தான் இருக்கும்.

பயிற்சியை நடத்துவது

விரிவுரை ஒரு மணி நேரம் கேட்டவர் அடுத்த நாள் பழையபடிதான் தட்டுவார். வாய்க்குப் பயிற்சி வேண்டும். மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, மூன்றாமவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்ப்பார். அவருக்கு இரண்டு வேலை: யார் அதிகம் பேசினார்கள் என்று குறிப்பது, மருத்துவர் எத்தனை முறை ‘குடிக்காதீர்கள்’ என்றார் என்று எண்ணுவது. எங்கள் குழுவில் அந்தச் சொல்லைச் சொன்னவர் எல்லோருக்கும் தே தாரிக் வாங்கித் தர வேண்டும். முதல் வாரம் எனக்கும் செலவாகிறது.

ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை செய்யுங்கள். மருத்துவப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் படித்தவருக்குத் தமிழில் பரிவு வராது. அதிகாரமோ கொஞ்சலோ வரும். “ஐயா”, “அண்ணே”, “தம்பி”, “அம்மா” என்று யாரை எப்படி அழைப்பது என்பதையும் சேர்த்துப் பழகுங்கள். இருபத்தெட்டு வயது மருத்துவர் ஐம்பது வயதுக்காரருக்கு அறிவுரை சொல்கிறார் என்பது நம் சமூகத்தில் சின்ன விஷயம் அல்ல. “பேசலாமா ஐயா?” என்று அனுமதி கேட்டால் அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

பயிற்சிக்கு முன் எல்லோரும் தங்களுக்கு ஆடிட் படிவத்தைத் தனியாக நிரப்பிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் யாரிடமும் காட்ட வேண்டாம். சிலர் அதன்பின் அன்று முழுவதும் அமைதியாக இருப்பார்கள்.

பிறகு மருந்தகத்தில் வாரத்துக்கு ஐந்து நோயாளிகள் போதும். ஐம்பது என்று தொடங்கினால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். நான்கு வாரம் கழித்து மீண்டும் கூடி ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: பதிவேட்டில் ‘சோஷியல் டிரிங்கர்’ என்ற சொல் எத்தனை இடத்தில் எண்ணாக மாறியிருக்கிறது.

இரண்டாவது வருகை

ஓட்டுநர் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மாதம் கழித்து வருகிறார். முதல் கேள்வி “குறைத்தீர்களா?” என்பதாக இருக்கக் கூடாது, அது தேர்வு முடிவு கேட்பது போல. “போன தடவை வீட்டில் ஒரு பாட்டிலோடு நிறுத்திப் பார்க்கிறேன் என்றீர்கள். எந்த நாள் சுலபமாக இருந்தது?” என்று தொடங்குங்கள். சுலபமான நாள் ஒன்றாவது இருக்கும். பிறகு கடினமான நாளைக் கேளுங்கள். சம்பள நாள் என்பார்.

குறையவே இல்லை என்றாலும் முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டாமல் எண்ணை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். குறைந்திருந்தால் வாரத்துக்கு எத்தனை அளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். எங்கள் பயிற்சி அறையில் அன்று 40 விநாடியில் முடித்த அந்தக் கெட்டிக்கார மருத்துவர் இரண்டு மாதம் கழித்துத் தன் உண்மையான நோயாளி ஒருவரின் பதிவைப் பெயரை மறைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார். “வாரம் 4 நாள், ஸ்டிராங் டின் 2, ஆடிட்-சி 9. சனிக்கிழமை மட்டும் குறைக்க ஒப்புக்கொண்டார். அடுத்த வருகை நான்கு வாரத்தில்.”